கரும்பலகைப் பஞ்சாங்கம்

ராயபுரத்தில் என் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் அதில் மூன்று சங்கதிகள் எழுதுவேன்: இன்றைய வானிலை, இன்று என்ன நாள், ஒரு துணுக்கு. 'ஆதார், ரேஷன் கார்டு நகல் எடுக்கப்படும்' என்று மட்டும் இருந்த பலகை அது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. இப்போது காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்களும் வண்டியை ஓரம் கட்டிப் படித்துவிட்டுப் போகிறார்கள். தங்கள் தெருவிலோ பள்ளியிலோ குடியிருப்பிலோ இப்படி ஒன்று தொடங்க நினைப்பவர்கள் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. வெயில் 36 டிகிரி, மாலையில் மழைக்கு வாய்ப்பு என்று அதுவே காட்டிவிடுகிறது. அதையே பார்த்து எழுதினால் பலகையை யார் நின்று படிப்பார்கள்? ஊருக்குச் சொன்னதைத் தெருவுக்குச் சொல்வதுதான் நம் வேலை. அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் சொல்லும் சென்னை வெப்பநிலை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளந்தது. நாங்கள் இருப்பது கடலை ஒட்டி. கோடையில் தரை சூடேறி அதன் மேலிருக்கும் காற்று எழும்பியதும், கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரத் தொடங்கும். நண்பகலை ஒட்டி அது முதலில் தொடுவது எங்கள் கரையோரத் தெருக்களைத்தான். பெரம்பூரும் கொளத்தூரும் அதற்குப் பிறகு. மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று கரையேற முடியாமல் பிற்பகல்வரை தாமதிக்கும். அன்றைக்குத்தான் ஊரே கொதிக்கும். அதனால் நான் டிகிரிக்கு முன்னால் காற்றின் திசையை எழுதுகிறேன். 'மேல்காற்று. கடற்காற்று தாமதம். வடாம் போட நல்ல நாள், வெயிலில் வரிசையில் நிற்க ஆகாத நாள்.' இந்த வரியைப் படித்துவிட்டு ரேஷன் கடைக்குப் போவதை மாலைக்கு ஒத்திப்போட்டவர்கள் உண்டு. மேல்காற்றைக் கச்சான் என்று சொல்லும் மீனவப் பெரியவர்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பலகையைச் சரிபார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு வானிலை ஆய்வு மையத்தின் முத்திரை.

கத்திரி வெயிலைப் பற்றி ஆண்டுதோறும் ஒரே சண்டை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரம், சூரியன் பரணியின் பின்பாதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் முதல் பாதம்வரை போவதை வைத்துக் குறித்தது. சூரியனை வைத்துக் கணக்கிடுவதால் தேதி பெரிதாக மாறாது. ஆனால் கத்திரி முடிந்ததும் வெயில் விடைபெற்றுவிடும் என்று நினைத்துக் குடையை உள்ளே வைத்துவிடாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சம் 45 டிகிரி, 2003 மே 31 அன்று. கத்திரி முடிந்த பிறகு. கேரளப் பக்கம் பருவமழை நெருங்கும்போது இங்கே மேல்காற்று வலுக்கிறது, கடற்காற்று தள்ளிப்போகிறது என்பதை மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அது விளங்கும். ஆண்டுதோறும் 'அக்னி நட்சத்திரம் நிறைவு' என்று எழுதும் நாளில் இந்தத் தகவலையும் அடியில் போட்டுவிடுகிறேன்.

மழைக்கு வருவோம். பலகைக்கு உயிர் கொடுத்தது மழைதான்.

உங்கள் தெருவில் எவ்வளவு பெய்தது என்பதை நீங்களே அளக்கலாம். தட்டையான அடியும் நேரான சுவரும் உள்ள கண்ணாடி ஜாடி ஒன்று போதும். வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக இருந்தால் சரி. குளிர்பான பாட்டிலை வெட்டி வைப்பவர்களுக்கு அடியில் இருக்கும் மேடுபள்ளம் கணக்கைக் கெடுக்கும். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் கைப்பிடிச் சுவரிலிருந்தும் நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். காற்றில் உருளாமல் இருக்க நான்கு செங்கல்லை அண்டக் கொடுக்கலாம். அளப்பதற்கு இரும்பு ஸ்கேல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலில் சுழியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதை ஜாடிக்குள் விட்டு அளந்தால் சில மில்லிமீட்டர் மழை காணாமல் போய்விடும். என் கடையில் இரண்டு வகையும் விற்கிறேன், யாரும் இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்கியதில்லை.

அளக்கும் நேரம் காலை 8.30. வானிலை மையம் முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்றைய காலை 8.30 வரை பெய்ததை ஒரு நாள் மழையாகக் கொள்கிறது. நாமும் அதையே பின்பற்றினால்தான் நம் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியும். நுங்கம்பாக்கத்தில் தூறலோடு நின்ற நாளில் ராயபுரத்தில் கொட்டியிருப்பதும், எங்களை ஏமாற்றிவிட்டு மேகம் மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டுப் போவதும் சாதாரணம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் படிப்பார்கள்.

மில்லிமீட்டர் என்றால் பலருக்குப் பிடிபடாது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி சுமார் 93 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. பெய்தால் 9,300 லிட்டர். தெருவில் வந்து நிற்கும் ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று முழுக்க உங்கள் மாடியில் இறங்கியிருக்கிறது என்று எழுதிய அன்று, மழைநீர்ச் சேகரிப்புக் குழாயில் அடைத்திருந்த குப்பையை அள்ள எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஏறினார்கள். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய ஏற்பாடு அது. குழாய் பல வீடுகளில் இருக்கிறது, அடைப்பும் அதில்தான் இருக்கிறது.

கனமழை என்று அறிவித்தால் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை என்றால் 12 முதல் 20, அதி கனமழை என்றால் அதற்கும் மேல். இந்த மூன்றையும் பலகையின் ஓரத்தில் பெயின்டிலேயே எழுதி வைத்துவிட்டேன். 'ஓரிரு இடங்களில்' என்று அறிக்கையில் வந்தால் கால்வாசி இடங்களுக்குள் என்று பொருள். அதில் நம் தெரு விழாமல் போகலாம். வானிலைக்காரர்கள் பொய் சொல்லிவிட்டார்கள் என்று டீக்கடையில் நடக்கும் வாதங்களில் பாதி இது தெரியாததால் வருவது. மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது, மழை பெய்தால் தெருவுக்கு என்ன ஆகும். வடசென்னையில் இந்தக் கேள்வியின் விடை சுரங்கப்பாதையில் இருக்கிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிப் பக்கம் போகிறவர்கள் சுற்ற வேண்டும். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தால் அந்தச் சுற்றும் நீளும். மழை நாளில் பலகையின் முதல் வரி அதுதான், டிகிரி எல்லாம் அப்புறம். மணலி, சடையங்குப்பம் பக்கம் உறவினர் இருப்பவர்களுக்காகப் புழல் ஏரியின் மட்டத்தையும் சேர்ப்பேன். மொத்த உயரம் 21.20 அடி. உபரி நீர் திறந்தால் அந்தப் பக்கம் வழியாகத்தான் எண்ணூருக்குக் கடலுக்குப் போகும்.

ராகு காலம் பார்க்காதவர்களுக்கும் அமாவாசை தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். அந்த ஏற்ற நேரத்தில் பெருமழை சேர்ந்துகொண்டால், பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் கொண்டுவரும் தண்ணீரைக் கடல் உடனே வாங்கிக்கொள்ளாது. தெருவில் நிற்கும் தண்ணீர் வடிய நேரமாகும். அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திதியையும் மழை அறிவிப்பையும் ஒரே வரியில் எழுதுகிறேன். தினத்தாள் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறவர்கள் முன்பக்கத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

புயல் நாட்களில் கட்டுப்பாடு வேண்டும். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு, இரண்டு என்றால் தொலைவில் புயல், ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம், பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. அது கப்பல்களுக்கும் துறைமுகத்துக்கும் சொல்லும் செய்தி. தெருவில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை அந்த எண் சொல்லாது. ஒன்றாம் எண்தானே என்று கீழ்த்தளத்தில் அரிசி மூட்டையைத் தரையில் விட்டுவிடக் கூடாது. 'அக்கா, நாளை படகு எடுக்கலாமா?' என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மீன்வளத் துறை என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன், என் யோசனையைக் கேட்காதே. வாட்ஸ்அப்பில் சுற்றும் செயற்கைக்கோள் படங்களைப் பலகையில் ஏற்றுவதே கிடையாது. எந்த ஆண்டின் புயல் என்று தெரியாத படம் டிசம்பரில் வந்துகொண்டே இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது புயலின் பெயர்தான். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயர். 13 நாடுகள் சேர்ந்து கொடுத்த 169 பெயர்களின் பட்டியல் 2020-இல் வந்தது. அதில் இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு', 'நீர்' இரண்டும் உண்டு. 2016 டிசம்பர் 12-இல் எங்கள் தெரு மரங்களைச் சாய்த்த வர்தாவின் பெயர் பாகிஸ்தான் தந்தது, ரோஜா என்று பொருள் என எழுதியபோது ஒரு பாட்டி பலகையின் முன்னால் நின்று வாய்விட்டுத் திட்டினார். புயலைத் திட்டினாரா, பெயர் வைத்தவரையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனி, 'இன்று என்ன நாள்' என்ற பகுதி. இணையத்தில் தேடினால் ஒவ்வொரு தேதிக்கும் நான்கைந்து உலக நாட்கள் கொட்டும். அதில் பாதி ஏதோ ஒரு கம்பெனி தன் பண்டத்தை விற்க உண்டாக்கியது. எனக்கு ஒரு சல்லடை இருக்கிறது: இந்தத் தெருவில் யாருடைய பிழைப்போடாவது சாப்பாட்டோடாவது அது ஒட்டுகிறதா? மே 2 உலகச் சூரை மீன் தினம், ஐ.நா. அறிவித்தது. காசிமேட்டில் அதைக் கொண்டாட ஒரு சிக்கல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் அது விழுகிறது. விசைப்படகுகள் எல்லாம் கரையில் பெயின்ட் அடித்துக்கொண்டு நிற்கும். அந்த முரணையே எழுதினேன், நன்றாக எடுபட்டது. மார்ச் 30 உலக இட்லி தினம், சென்னையில்தான் பிறந்தது. எங்கள் எதிர்க்கடை ஆயாவுக்கு அதை ஒட்டி ஒரு வியாபாரம் கூடியிருந்தால் என் பலகைக்குப் பெருமை. அக்டோபர் 22 என் சொந்தத் திருநாள். 1938-இல் அன்றுதான் செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதல் உலர் நகலை, அதாவது முதல் ஜெராக்ஸை எடுத்தார். அந்தத் தேதியையும் இடத்தின் பெயரையும்தான் நகலில் பதித்தார். அன்று முதலில் வரும் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நகல் இலவசம். ஒன்றுதான்.

ஜூன் 15 அன்று 'தடைக்காலம் முடிந்தது' என்று எழுதினால் மட்டும் போதாது. ஆழ்கடலுக்குப் போன படகு அன்றைக்கே திரும்பாது. வஞ்சிரத்துக்கு ஆசைப்பட்டு மறுநாளே பையோடு போகிறவர்கள் பழைய விலையைக் கேட்டுத் திரும்புவார்கள். 'சில நாள் பொறுங்கள்' என்ற சொல்லைச் சேர்த்தால் அது பஞ்சாங்கம்.

உள்ளூர் விசேஷங்களுக்கு உலக நாள் எதுவும் ஈடாகாது. திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் பஸ்ஸில் இடம் கிடைக்காது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். புரட்டாசியில் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக்குத் திருக்குடைகள் கிளம்பும் நாளில் யானைக்கவுனி வழி நினைக்கவே கூடாது. குடை கவுனி தாண்டுவதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மாலை நேரம், தவிர்க்க நினைப்பவர்களுக்கும் அதே தகவல். ஆடியில் எந்தத் தெருவில் எப்போது கூழ் வார்க்கிறார்கள் என்ற பட்டியலைப் போட்டால், என் கடையில் எந்தத் துணுக்குக்கும் கூடாத கூட்டம் கூடும். ரமலான் மாதத்தில் மண்ணடிப் பக்கம் நோன்புத் துறப்பு நேரத்தையும், ஆகஸ்டில் பார்சிப் புத்தாண்டையும் எழுதுவேன். ராயபுரத்தில் ஒரு பார்சி அக்னிக் கோயில் இருப்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது.

ராகு காலம் எழுதச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. தினமும் எழுதிக் கையை ஒடித்துக்கொள்ளாமல், பழைய நினைவு வரியைப் பெயின்டில் எழுதிவிட்டேன்: திருவிழா சந்தையில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா? ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை: திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்கள் 7.30-க்குத் தொடங்கி வரிசையாக ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்த நாள் நிழலில்லா நாள். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. சூரியன் வடக்கே போகும்போது ஏப்ரல் 24-ஐ ஒட்டியும், திரும்பும்போது ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நேர் உச்சிக்கு வரும். வெட்டிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை மாடியில் செங்குத்தாக நிறுத்தச் சொன்னேன். ஏப்ரலில் 12.07-க்கு அதன் நிழல் காலடிக்குள் அடங்கிவிட்டது. ஒரு பையன் குழாய்க்குள் எட்டிப் பார்த்து, உள்ளே தரை முழுவதும் வெளிச்சமாக இருக்கிறது என்று கத்தினான். சரியாக 12 மணிக்கு ஏன் இல்லை என்று அவனே கேட்டான். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அந்த வித்தியாசம் சுமார் ஒன்பது நிமிடம். மீதி, ஆண்டுக்குள் சூரியன் சற்று முந்தியும் பிந்தியும் ஓடுவதால் வருவது. அதனால்தான் ஆகஸ்டில் அதே காட்சி 12.13 வாக்கில். 1906-இல் இந்திய நேரம் வருவதற்கு முன்னால் மெட்ராஸுக்கென்று தனி நேரம் இருந்தது, ரயில்களும் அதன்படி ஓடின என்பதை மறுநாள் துணுக்காக்கினேன். ஒரு நாள் பார்த்ததை மறுநாள் எழுதினால் படிப்பவர் மனத்தில் தங்குகிறது.

துணுக்கு எழுதுகிறவர்கள் 'முதல்' என்ற சொல்லைக் கண்டால் பேனாவை மூடிவிட்டு ஒரு முறை யோசிக்க வேண்டும். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ரயில் புறப்பட்டது. இந்தியாவின் முதல் ரயில் என்று எங்கள் ஆட்கள் மார்தட்டுவார்கள். பம்பாய்–தானே 1853-இலேயே ஓடிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்றால் யாரும் அசைக்க முடியாது. கல் ஏற்றும் பாதையையும் கணக்கில் எடுத்தால் 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் போட்டது இருக்கிறது. அதுவும் நம் பக்கம்தான். எனவே அடைமொழியைச் சரியாகப் போடுங்கள், பெருமை குறையாது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் 1923 மே 1-இல் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியதையும், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததையும் எழுதும் நாட்களில், 'என் தாத்தா அந்த மில்லில்தான் இருந்தார்' என்று யாராவது வந்து நிற்பார்கள். ஒரு மேற்கோள் நோட்டு வைத்துக்கொண்டு அதில் எங்கே படித்தது என்று குறித்துவையுங்கள். கேட்பவர்கள் வருவார்கள்.

கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர் பிறந்த நாளை எழுதச் சொல்வார்கள். உயிரோடு இருப்பவர் யாருக்கும் பலகையில் இடமில்லை என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டால் பொதுவாகத் தப்பித்துவிடலாம்.

டிசம்பர் 26 அன்று துணுக்கு கிடையாது. 2004 என்ற ஆண்டை எழுதிவிட்டு, கடல் திடீரென்று உள்வாங்கினால் சிப்பி பொறுக்கப் போகக் கூடாது, மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்றும், ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது என்றும் எழுதுவேன். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இப்போது என் கடைக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சாக்பீஸ். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், மழைச்சாரலில் எழுத்து மதியத்துக்குள் ஒழுகிவிடும். சர்க்கரை கரைத்த தண்ணீரில் சாக்பீஸைச் சற்று ஊறவைத்து ஈரத்தோடு எழுதினால் காய்ந்த பிறகு எழுத்து பளிச்சென்று நிற்கும், கைபட்டாலும் எளிதில் அழியாது. மறுநாள் காய்ந்த துணியால் துடைத்தால் போகாது, ஈரத்துணி வேண்டும். எறும்பு வருமா என்று கேட்கிறார்கள். இதுவரை வரவில்லை. சாக்பீஸ் டப்பாவுக்குத்தான் வருகிறது, அதை மூடி வையுங்கள்.